கீறிய தேக்கு ஊஞ்சலை முழுக்கச் சுரண்டத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சி வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகை இருக்கிறது. முற்றத்து வெயில் விழும் பக்கம் வெளுத்துவிட்டது. நடுவில் பிள்ளைகள் பொம்மை வண்டி ஓட்டிய கீறல்கள். ஓரத்தில் காபி டம்ளர் வைத்த வெள்ளை வட்டம், சங்கிலி மாட்டும் துளையைச் சுற்றிக் கருப்பு. பார்க்க வந்த பாலிஷ்காரர், மொத்தத்தையும் சுரண்டிப் புதிதாக அடித்தால்தான் ஆகும் என்கிறார். உங்களுக்கு மனசு வரவில்லை. தேக்குக் கலர் ஸ்டெயின், அதாவது மரச்சாயம், ஒரு டப்பா வாங்கி, கெட்டுப்போன இடத்தில் மட்டும் தடவினால் போதாதா என்று கேட்கிறீர்கள்.

எந்த ஸ்டெயின் என்பது பிறகு வருகிற கேள்வி. அந்தப் பலகையில் எது கெட்டிருக்கிறது, எது இன்னும் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான் பாளையங்கோட்டையில் இருபத்தேழு வருஷமாக மரத்துக்குப் பாலிஷ் போடுகிறேன். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், செங்கோட்டை பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான்கள்தான் அதில் பாதிக்கு மேல். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் பலகையைச் சுரண்ட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதனால் நீங்களே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன். பாலிஷ்காரர் ஏமாற்றுகிறார் என்றும் நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் நிறம் சேர்ப்பது முழுசாக அடிப்பதைவிட நேரம் தின்னும் வேலை. கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் பழி அவர் தலையில்தான் விழும். சுரண்டி அடித்துவிட்டால் அவருக்கு அந்தப் பயம் இல்லை. உங்களுக்கோ, மூன்று தலைமுறை உட்கார்ந்து மழுங்கிய விளிம்பும் மரத்தில் ஏறியிருக்கும் பழுப்பும் சீவலோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

பாலிஷ் போட்ட எந்தப் பலகையிலும் கீழே மரம், அதன்மேல் சாயம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு என்று மூன்று இருக்கும். தேக்குக்குச் சில வீடுகளில் சாயமே கொடுத்திருக்க மாட்டார்கள், மரத்தின் சொந்த நிறமே போதும் என்று விட்டிருப்பார்கள். மேல்பூச்சு என்னவென்பதுதான் முக்கியம். அந்தக் காலத்துச் சாமான் என்றால் பெரும்பாலும் ஸ்பிரிட் பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்தது. அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமானில் நிறமாக மினுங்குவதும் அரக்குதான். அங்கே கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டில் அது உருகிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊஞ்சலில் சூட்டுக்குப் பதில் ஸ்பிரிட், அவ்வளவுதான். அரக்குப் பூச்சுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். புதுப் பூச்சு பழையதைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும், நடுவில் ஒட்டுப்போட்ட கோடு தெரியாது. அரக்குப் பாலிஷ் போட்ட சாமானை இடத்துக்கு இடம் சரிசெய்ய முடிவது இதனால்தான்.

சரி, உங்கள் பலகையில் இருப்பது அரக்குதானா? பலகைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில், பஞ்சைப் பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு நிமிஷம் வையுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் பழுப்பு இறங்கினால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னொரு இடத்தில் லாக்கர் தின்னரை வைத்துப் பாருங்கள். அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை, அல்லது கரையாமல் சுருங்கி மட்டும் நிற்கிறது என்றால், பின்னாளில் யாரோ வார்னிஷோ, மெலமைன், பி.யூ. (பாலியூரிதேன்) மாதிரி ரசாயனப் பூச்சோ அடித்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தைப் பார்த்தது போதாது, மேல்பக்கத்து ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அடியில் பழைய அரக்கும் மேலே மட்டும் புதுப் பூச்சுமாக இருந்த பலகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்குப் பிறகும் நேரே சாயத்துக்குப் போகாதீர்கள், முதலில் அழுக்கை எடுங்கள். நம் பக்கத்தில் மரம் மங்கினால் தேங்காயெண்ணெய் தேய்ப்பது வழக்கம். இரண்டு நாள் பளபளக்கும். ஆனால் தேங்காயெண்ணெய் காயவே காயாது. தூசியைப் பிடித்து, தலைகாணி அழுக்கு மாதிரி ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். அதன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது, உரிந்துதான் வரும். டர்பன்டைனில் பழைய வேட்டித் துணியை நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். வெளுத்துப்போனது என்று நினைத்ததில் பாதி அழுக்கு என்று தெரிந்து, இதோடு வேலையை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

டர்பன்டைன் ஈரம் காய்வதற்குள் கீறல்களைப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்தக் கீறல் கண்ணுக்கு மறைகிறதோ அதில் நிறம் போகவில்லை, மேல்பூச்சு மட்டும் கீறியிருக்கிறது. அதற்குச் சாயமே வேண்டாம், அரக்கு ஓடினால் போதும். ஈரத்திலும் வெள்ளைக்கோடாக நிற்பதில்தான் சாயம் போயிருக்கிறது. பிறகு நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் மேலாக்கில் உள்ள கீறல், தட்டி நின்றால் மரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஒரு சாக்பீஸை எடுத்து, ஈரத்திலும் மறையாத கீறல்களுக்கு மட்டும் பக்கத்தில் புள்ளி வையுங்கள். முப்பது கீறல் என்று நினைத்த பலகையில் ஐந்தாறு புள்ளிதான் விழும்.

அந்த ஐந்தாறு கீறலில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்தேன். வீரவநல்லூரில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை. கீறலில் நேராக ஸ்டெயினைத் தொட்டு வைத்துத் துடைத்தேன். வெளுப்பாக இருந்த கோடு, கண்ணெதிரே பேனாவால் இழுத்த மாதிரிக் கருப்பாகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு விரிப்பை எடுத்து வந்து அந்த இடத்தின்மேல் போட்டார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியாசாரி மறுநாள் வந்து பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். கீறலுக்குள் மரத்தின் நார் அறுந்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. சமமான பரப்பு குடிப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு சாயத்தை அது குடிக்கும். அதனால் முதலில் அதன் வாயை அடைக்க வேண்டும். மெலிசாகக் கரைத்த அரக்கை, பிள்ளைகள் படம் வரையும் நுனி கூரான பிரஷ்ஷால், கீறலுக்குள் மட்டும் ஒரு இழை ஓட்டிக் காயவிட வேண்டும். அரை மணி நேரம் போதும். அப்புறம் சாயம் வைத்தால் எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவுதான் நிற்கும், மரம் இழுத்துக்கொள்ளாது. தப்பாகிவிட்டால் உடனே துடைத்துவிடவும் முடியும்.

தேக்கு நிறத்துக்கு டப்பாவில் எழுதியிருக்கும் பேரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு பழுப்பு. மஞ்சள் காவி, பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு, துளி செங்காவி ஆகிய மூன்றும் பொடியாகவோ சின்னப் புட்டி ஸ்டெயினராகவோ கையில் இருந்தால் நம் ஊர்த் தேக்கின் பெரும்பாலான நிறங்களைக் கொண்டுவந்துவிடலாம். ஸ்டெயினர் வாங்கினால் ஸ்பிரிட்டோடு கலக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய அரக்கில் இவற்றைக் குழைத்து, கண்ணாடியைப் பலகையின்மேல் வைத்துப் பார்த்தால் நிறம் சேர்கிறதா என்று அப்படியே தெரியும். காய்ந்த நிறத்தை நம்பாதீர்கள், ஈரமாக இருக்கும்போது தெரிவதுதான் பாலிஷ் போட்டபின் தெரியப்போகிற நிறம். எப்போதும் ஒரு படி வெளிறலாகவே தொடங்குங்கள். கூட்டுவது எளிது, குறைப்பதற்கு முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, ராத்திரி லைட்டில் ஒருமுறை பாருங்கள். பகலில் பொருந்தின நிறம் எல்.இ.டி. வெளிச்சத்தில் சிவந்து தெரிவது உண்டு. நீளமான கீறலை ஒரே கோடாக நிரப்பாமல், மர ரேகை போகிற போக்கில் விட்டுவிட்டுச் சின்னச் சின்ன இழைகளாக வைத்தால் கண் அதைக் கீறல் என்று பிடிக்காது, ரேகை என்று நினைத்துக் கடந்துபோய்விடும்.

வெயிலில் வெளுத்த பக்கம் வேறு மாதிரி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தையும் வெளுக்கும், மரத்தின் மேல்தோலில் நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினையும் சிதைக்கும். கையால் தடவி, விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை, பூச்சு முழுசாக இருக்கிறது என்றால் உப்புத்தாளே வேண்டாம். மேலே சொன்ன நிறத்தை இன்னும் நீர்க்கக் கரைத்து, அகலமான மிருதுப் பிரஷ்ஷால் ரேகை வாக்கில் ஒரே இழுப்பாக ஓட்டி, காய்ந்தபின் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று ஏற்றுங்கள். நான்கு மெல்லிய கை கொடுக்கிற ஆழத்தை ஒரு தடித்த கை கொடுக்காது, அழுக்குப் பூசிய மாதிரித்தான் ஆகும். வெளுத்த இடத்துக்கும் நன்றாக இருக்கும் இடத்துக்கும் நடுவே எல்லைக்கோடு விழாமல், ஒவ்வொரு கையையும் முந்தினதைவிட ஒரு சாண் முன்பின்னாக நிறுத்த வேண்டும். மாவு மாதிரி ஒட்டினால் அங்கே பூச்சு செத்துவிட்டது. 320 நம்பர் உப்புத்தாளால், ரேகை வாக்கில், கையின் கனம் மட்டும் படும்படி லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, வெறும் அரக்கு ஒரு கை கொடுத்து, அதன்பிறகு நிறம். குறுக்காக மட்டும் தேய்த்துவிடாதீர்கள், ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு புதுக் கீறல். இந்த வெளுப்பு வேலையில் கீறலைச் சரிசெய்கிற அளவு நிச்சயம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கு நூறு சேர்ந்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பக்கம் தொடர்ந்து வெயில் விழுந்தால் சில வருஷத்தில் மறுபடி வெளுக்கத்தான் செய்யும். காவிப்பொடி வகை நிறங்கள் ஸ்பிரிட்டில் முழுக்கக் கரைகிற சாயங்களைவிடத் தாக்குப்பிடிக்கும். முற்றத்துப் பக்கம் ஒரு தட்டி கட்டினால் இன்னும் நல்லது.

டம்ளர் வட்டம் வெள்ளையாக இருக்கிறது என்றீர்கள், அது நல்ல செய்தி. சூடோ ஈரமோ அரக்குப் பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. பஞ்சுப் பொட்டலத்தை ஸ்பிரிட்டில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, கையில் ஈரம் தெரியாத அளவுக்கு ஆனபின் அந்த வட்டத்தின்மேல் விமானம் தரையைத் தொட்டு எழும்புவதுபோல ஓட்டி எடுங்கள். நடுவில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாலைந்து ஓட்டத்தில் வெள்ளை கலையும். கலையவில்லை என்றால் சலித்த சாம்பலைத் துளி எண்ணெயில் குழைத்து விரலால் மெதுவாகத் தேயுங்கள், மேல்தோல் தேய்ந்து மங்கல் போகும். பிறகு அந்த எண்ணெயை டர்பன்டைனால் எடுத்துவிட வேண்டும். 2020-க்குப் பிறகு என்னிடம் வந்த பழைய மேசைகள் பலவற்றில் சானிடைசர் சிந்திய வெள்ளைத் திட்டு இருந்தது. சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான், அரக்கு அதற்கு இளகாமல் என்ன செய்யும்?

அரக்கைக் கடையில் கரைத்து வைத்ததாக வாங்காமல் செதிலாக வாங்கி, அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 50 கிராம் போட்டு, கண்ணாடிப் புட்டியில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம், கருத்துவிடும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் சரியாகக் காயாது. பழைய புட்டி இருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கொட்டிவிடலாம். நிறம் வைத்த இடமெல்லாம் நன்றாகக் காய்ந்தபின், இந்த மெல்லிய அரக்கைப் பலகை முழுவதும் மூன்று நான்கு முறை பஞ்சுப் பொட்டலத்தால் ஓட்டினால் புதுசும் பழசும் ஒரே மினுக்காகச் சேர்ந்துகொள்ளும். நிறம் வைத்த இடத்தில் முதல் ஓட்டத்தை மட்டும் அழுத்தாமல், ஒரே முறை கடந்துபோங்கள். தேய்த்தால் வைத்த நிறம் பொட்டலத்தோடு வந்துவிடும்.

நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஸ்பிரிட் பறக்கும்போது அரக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டு பால் மாதிரி வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே வேண்டாம். தென்காசி, குற்றாலம் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலிலும் கூடாது. உங்கள் ஊரில் அந்த மாதங்களில் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பூச்சின்மேல் போடும். மாசி, பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கினால் வேலை தானாக நடக்கும்.

வீடியோக்களில் வரும் குறிப்புகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வால்நட் பருப்பைத் தேய்த்தால் மெல்லிய கீறல் மறைவது உண்மைதான், ஆனால் அது எண்ணெய் ஈரத்தால் வந்த மறைவு, எத்தனை நாள் நிற்கும் என்பது உறுதியில்லை. பின்னால் பாலிஷ் போடுவதற்கும் இடைஞ்சல். காபி, தேயிலை டிகாஷன் வெறும் மரத்தில் கொஞ்சம் நிறம் பிடிக்கும், பூச்சு இருக்கும் இடத்தில் பிடிக்காது. மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்துப் பள்ளத்தை அடைப்பதை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். காய்ந்த பசை சாயத்தை ஏற்காது, அங்கே ஒரு வெளிறிய தழும்பு நிரந்தரமாக நிற்கும். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால், எல்லாப் பூச்சும் முடிந்து காய்ந்த பிறகு, தேன்மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, காவிப்பொடி சேர்த்துப் பள்ளத்தில் வைத்து, ஆறியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் மட்டமாகச் சீவி எடுங்கள். மெழுகின்மேல் எதுவும் பிடிக்காது, அதனால் அது கடைசியில்தான்.

சோதனையில் பி.யூ. அல்லது மெலமைன் என்று வந்தால் மேலே சொன்னதில் பாதி உங்களுக்கு உதவாது. அந்தப் பூச்சுகள் புதுசோடு கரைந்து சேராது. கீறலுக்குள் நிறம் வைத்து மெழுகால் மூடலாம். வெளுத்த பரப்பைச் சரிசெய்ய ஸ்ப்ரே வைத்திருக்கும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். இதைப் படித்துவிட்டு, வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டிய அலமாரியில் உப்புத்தாள் போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தேக்கு அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தேய்ந்து அடியில் உள்ள பிளைவுட் தெரிந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்பிரிட் சட்டென்று பற்றும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் விளக்கேற்ற வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால் அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போட வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு வாரம் யாரும் ஊஞ்சலில் உட்கார வேண்டாம். பத்தமடைப் பாயை விரித்தால்கூடப் பாயின் கோடு அப்படியே பூச்சில் பதிந்துவிடும்.

சங்கிலித் துளையைச் சுற்றியுள்ள கருப்பைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு போல்ட்டின் துருவும் ஈரமும் தேக்கில் உள்ள டானின் என்கிற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் அந்தக் கருப்பு வரும். ஸ்பிரிட்டால் அங்கே அரக்கை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் வெளுக்கும். ஆனால் அது விஷம். கையுறை போட்டு, சமையலுக்கு எடுக்காத பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்கி, பிறகு மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தூசி மூக்கில் ஏறும். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் நான் அந்தக் கருப்பை அப்படியே விட்டுவிடத்தான் சொல்வேன். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. துரு நிறத்தை மட்டும் கெடுப்பதில்லை, வருஷக்கணக்கில் மரத்தையும் அரிக்கும். போல்ட்டைக் கழற்றி, ஒரு கோணி ஊசியால் துளையின் உள்சுவரை நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் பித்தளை போல்ட்டும் வாஷரும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் பாலிஷைத் தொடங்கலாம். ஊசி மெத்தென்று இறங்கினால் பாலிஷ் பேச்சை நிறுத்திவிட்டு, பலகையைச் சங்கிலியிலிருந்து இறக்கி வையுங்கள். ஒரு நல்ல ஆசாரி வந்து பார்க்கும்வரை பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம்.